சிறு இலக்கியப் பதிப்பக நூல்கள்: வாங்குகிறவரும் எழுதுகிறவரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாவல், சிறுகதை, கவிதை, மொழிபெயர்ப்பு ஆகியவற்றை ஒரு தலைப்புக்கு நூறு முதல் ஐந்நூறு பிரதி என்ற அளவில் வெளியிடும் தமிழகப் பதிப்பகங்களைப் பற்றியது இந்தப் பக்கம். விலை ஏன் இப்படி, நூல் ஏன் கிடைப்பதில்லை, ராயல்டி ஏன் இவ்வளவுதான் என்று எதைக் கேட்டாலும் பதில் கடைசியில் அந்தப் பிரதி எண்ணிக்கையில்தான் போய் நிற்கும்.

192 பக்க நாவலுக்கு 250 ரூபாயா?

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 250 ரூபாயில் கடைக்கோ விநியோகஸ்தருக்கோ 35 விழுக்காடு கழிவு என்றால் 87.50 போகிறது. எழுத்தாளருக்கு 10 விழுக்காடு, 25 ரூபாய். மீதி 137.50.

மெய்ப்பு பார்த்தல், பக்க வடிவமைப்பு, அட்டை ஆகிய ஒருமுறைச் செலவை 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 பிரதி அடித்தால் ஒரு பிரதியின் தலையில் 15 ரூபாய் விழும். 200 பிரதி என்றால் 75 ரூபாய். 137.50-இல் 75 போனால் 62.50, இதற்குள் தாள், அச்சு, கட்டுமானம், மூட்டை, லாரி வாடகை எல்லாம் அடங்கவேண்டும். 200 பிரதி டிஜிட்டல் அச்சில் பெரும்பாலும் அடங்காது. கடை வழியாக மட்டும் விற்றால் முதல் அச்சு கையைக் கடிக்கும் என்பது இதனால்தான். நேரடியாக வாங்குகிறவர் தரும் தொகையில் அந்தக் கழிவு மிஞ்சுவதால் கணக்கு நேராகிறது.

நூலுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அது வாசகருக்கு நல்லது. ஆனால் விற்பனையில் வரி இல்லாததால், அச்சுச் செலவில் கட்டிய வரியைப் பதிப்பகம் திரும்பப் பெறவும் வழியில்லை. அதுவும் விலைக்குள் உட்கார்ந்துவிடுகிறது.

அப்படியானால் 1,000 பிரதி அடித்து விலையைக் குறைக்கலாமே?

டெமி அளவில், அதாவது ஐந்தரைக்கு எட்டரை அங்குலத்தில், ஒரு முழுத்தாள் 16 பக்கம் தரும். அதுதான் ஒரு பாரம். 192 பக்கம் 12 பாரம். 1,000 பிரதிக்கு 12,000 தாள். 500 தாள் கொண்ட ரீம் கணக்கில் 24 ரீம். அச்சு இயந்திரத்தில் வீணாகும் தாள் இதற்கு மேல். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ தாளில் ஒரு பிரதி சுமார் 220 கிராம் இருக்கும், ஆயிரமும் சேர்ந்தால் 220 கிலோ. முதல் ஆண்டில் 250 பிரதி விற்றால் அதை நல்ல விற்பனை என்றே சொல்லலாம். மிச்சமுள்ள 750 பிரதிக்குப் போட்ட பணமும், அவை அடைத்துக்கொள்ளும் இடமும், அடுத்த மூன்று நூல்கள் வராமல் தடுக்கும்.

பிஓடி அச்சு என்றால் தரம் குறைவா?

பிஓடி என்பது தேவைக்கேற்ப அச்சிடுவது; 25, 50, 100 என்று சிறு தொகையாக டிஜிட்டல் எந்திரத்தில் அடிப்பார்கள். அச்சு முறையில் குறை ஒன்றும் இல்லை. குறை வருவது இரண்டு இடங்களில்.

ஒன்று, தாளின் இழை ஓடும் திசை. இழை முதுகுக்கு இணையாக மேலிருந்து கீழாக ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் நூல் விரியாது, கையை எடுத்ததும் மூடிக்கொள்ளும். மழைக்காலத்தில் முதுகோரம் அலை அலையாகும். ஒரு தாளை நீளவாக்கில் ஒருமுறையும் அகலவாக்கில் ஒருமுறையும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும் மடிப்புக்கு இணையாகத்தான் இழை ஓடுகிறது.

இரண்டு, பசை. சூடான பசையில் முதுகை ஒட்டும் பர்ஃபெக்ட் பைண்டிங்கில், முதுகை நன்றாகச் சுரண்டி எடுக்காமல் ஒட்டினால் தாள் தாளாகக் கழன்று வரும். 400 பக்கத்தைத் தாண்டும் நாவலுக்குப் பாரம் பாரமாகத் தைத்து, பிறகு ஒட்டுவதே முறை. மூடிய நூலின் முதுகோரத்தை மேல்முனையிலிருந்து பாருங்கள். சிறு சிறு மடிப்புக் கொத்துகளாகத் தெரிந்தால் தையல். ஒரே சீராக வெட்டிய தாளடுக்காகத் தெரிந்தால் வெறும் பசை.

சிறு அச்சில் வாசகருக்கு ஒரு லாபமும் உண்டு. முதல் 100 பிரதியில் கண்ட பிழையை அடுத்த 100-இல் திருத்திவிடலாம். தகடு வைத்து மொத்தமாக அடிக்கும் ஆஃப்செட்டில் 1,000 அடித்துவிட்டால், பிழைகளோடுதான் அத்தனையும் விற்றாகவேண்டும்.

வாங்கிய பிரதியில் பக்கம் விடுபட்டிருக்கிறது. என்ன செய்வது?

நூல் வந்த அன்றே பாருங்கள். 16 பக்கப் பாரத்தில் ஒவ்வொரு பாரமும் 1, 17, 33, 49, 65, 81, 97 என்ற எண்களில் தொடங்கும். 32-க்கு அடுத்து 49 வந்தால் ஒரு பாரம் விழுந்துவிட்டது. 17 முதல் 32 வரை இரண்டு முறை வந்தால் பாரம் இரட்டித்துவிட்டது. அப்போது இன்னொரு பாரம் காணாமல் போயிருக்க வாய்ப்பு அதிகம். டிஜிட்டல் அச்சில் பிழை வேறு மாதிரி: நடுவே இரண்டே பக்கம் வெற்றாக இருக்கும், அல்லது ஒரு தாள் தலைகீழாக ஏறியிருக்கும்.

பிழையுள்ள இரு பக்கங்களையும், வெளியீட்டு விவரம் உள்ள பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். எந்த அச்சு என்று தெரிந்தால்தான் கட்டில் உள்ள மற்றப் பிரதிகளையும் பிரித்துப் பார்க்க முடியும். இப்படிப்பட்ட பிரதியை மாற்றித் தருவது பதிப்பகத்தின் கடமை. சலுகை என்று நினைத்துத் தயங்கவேண்டாம். ஆறு மாதம் அலமாரியில் வைத்துவிட்டுச் சொன்னால்தான் சிக்கல். அதற்குள் இருப்பே தீர்ந்திருக்கும்.

‘முதல் பதிப்பு’, ‘இரண்டாம் பதிப்பு’, ‘மறுஅச்சு’: என்ன வேறுபாடு?

உள்ளடக்கம் மாறினால் பதிப்பு, மாறாமல் திரும்ப அடித்தால் மறுஅச்சு. இலக்கணம் இதுதான். நடைமுறையில் 100 பிரதி தீர்ந்ததும் ‘இரண்டாம் பதிப்பு’ என்று போடும் வழக்கம் பரவிவிட்டது. ‘ஆறாம் பதிப்பு’ என்று அட்டையில் பார்த்து ஆயிரக்கணக்கில் விற்றதாக எண்ணிவிடக்கூடாது. திருத்திய பதிப்பு என்றால் எதைத் திருத்தினார்கள் என்று பதிப்புக் குறிப்பில் சொல்லியிருக்கவேண்டும்.

‘செம்பதிப்பு’ என்ற சொல்லுக்கு இன்னும் கண்டிப்பு தேவை. எந்த இதழில் எப்போது முதலில் வந்தது, எந்தப் பாடத்தை, அதாவது எந்தப் பழைய வடிவத்தை, மூலமாக எடுத்தார்கள், பாட வேறுபாடுகள் எவை என்ற மூன்றும் உள்ளே இருந்தால்தான் அது செம்பதிப்பு. நல்ல தாளும் கெட்டி அட்டையும் மட்டும் இருந்தால் அது விலை கூடிய பதிப்பு, அவ்வளவே.

பழைய எழுத்தாளர் ஒருவரின் கதைகளைப் பல பதிப்பகங்கள் வெளியிடுகின்றன. எப்படி?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு எண்ணவேண்டும். 1954-இல் மறைந்த கல்கியின் எழுத்துகளுக்கு அந்தக் காலம் 2014 முடிவில் தீர்ந்தது. 1982-இல் மறைந்த தி. ஜானகிராமனின் எழுத்துகளுக்கு 2042 டிசம்பர் 31 வரை உரிமை உண்டு. இது தவிர, தமிழக அரசு வாரிசுகளுக்குத் தொகை கொடுத்து நாட்டுடைமையாக்கிய படைப்புகளையும் யார் வேண்டுமானாலும் வெளியிடலாம்.

இறந்த பிறகு முதன்முதலாக அச்சேறும் கடிதம், நாட்குறிப்பு, கையெழுத்துப்படி ஆகியவற்றுக்குக் கணக்கு வேறு. அச்சான ஆண்டிலிருந்துதான் 60 ஓடும். ‘அவர் காலமாகி எழுபது வருஷமாச்சே’ என்று எடுத்துப் போட்டு மாட்டிக்கொள்வது இங்கேதான்.

உரிமை தீர்ந்த நூலை வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். பழைய நூலை ஸ்கேன் செய்து, எழுத்துணரி மென்பொருளில் ஓட்டி, மெய்ப்பு பார்க்காமல் அடித்த மலிவுப் பதிப்புகள் நிறைய. நடுவில் ஏதாவது இரண்டு பக்கம் படியுங்கள். துணைக்கால் இருக்கவேண்டிய இடத்தில் ‘ர’, ‘எ’ வரவேண்டிய இடத்தில் தமிழ் எண் ‘௭’, ண–ன குழப்பம் ஆகியவை கண்ணில் பட்டால் கீழே வைத்துவிடலாம்.

முழுத் தொகுப்பு வாங்கலாமா, தனித் தொகுதிகளா?

பொருளடக்கத்தில் ஒவ்வொரு கதைக்கும் எதிரே ஆண்டும் இதழும் இருந்தால் முழுத் தொகுப்பு வாங்கலாம். அந்த விவரம் இல்லாத ‘முழுத் தொகுப்பு’ பல சமயம் முழுசாக இருப்பதில்லை. ஏற்கெனவே தனித் தொகுதிகள் வைத்திருப்பவர் ‘தேர்ந்தெடுத்த கதைகள்’ வாங்கினால் கதைகள் திரும்ப வரும். முதலில் தலைப்புகளை ஒப்பிடுங்கள்.

புதிய எழுத்தாளரைத் தொடங்குகிறவருக்குச் சிறுகதைத் தொகுதியே நல்ல வாசல். முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். தமிழில் நீண்ட முன்னுரைகள் கதையின் முடிவைப் போட்டு உடைப்பதில் வல்லவை.

நூல் இருப்பில் இல்லை. இனி கிடைக்காதா?

முதலில் பதிப்பகத்துக்கே எழுதுங்கள். பத்துப் பேர் கேட்டால் 25 பிரதி அடிக்கலாமா என்று யோசிப்பார்கள். யாரும் கேட்காவிட்டால் அந்தத் தலைப்பு அப்படியே உறங்கும். பதிப்பகம் மறுத்தால் அது பெரும்பாலும் உரிமை எழுத்தாளரிடம் திரும்பிவிட்டதாலோ, பழைய பக்க வடிவமைப்புக் கோப்பு திறக்காததாலோ இருக்கும். இரண்டாவது காரணம் 2010-க்கு முன் வந்த நூல்களில் சகஜம். பேஜ்மேக்கர் என்ற பழைய வடிவமைப்பு மென்பொருளின் கோப்பும் அதற்கேயான எழுத்துருவும் இன்றைய கணினியில் ஒத்துவராது. திரும்பத் தட்டச்சு செய்யவேண்டும்.

படித்தால் போதும் என்றால் நூலகம். 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் ஒவ்வொரு நூலின் பிரதியும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் போகவேண்டும். சிறு பதிப்பகங்கள் இதை முறையாகச் செய்வதில்லை என்பதுதான் வருத்தம். ஆனாலும் கன்னிமாராவில் தேடிப் பார்ப்பது வீண்போகாது. பழைய இதழ்களுக்கும் அரிய நூல்களுக்கும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். ஈழத்து நூல்களுக்கும் சிற்றிதழ்களுக்கும் ‘நூலகம்’ என்ற திட்டத்தின் இணையச் சேகரம்.

எங்கே வாங்கினால் எழுத்தாளருக்கும் பதிப்பகத்துக்கும் நல்லது?

பதிப்பகத்திடம் நேராக. அடுத்தது இலக்கிய நூல்களுக்கென்றே நடக்கும் சிறு கடைகள். பெரிய இணையச் சந்தையில் வாங்கும்போது விற்பவர் பெயரைப் பாருங்கள். பின்னட்டை விலையைவிடக் கூட்டி விற்கும் மூன்றாம் ஆட்கள் அங்கே உண்டு.

சென்னைப் புத்தகக் காட்சிக்காகக் காத்திருக்கலாமா?

தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி 1977 முதல் நடத்தும் காட்சி அது. பொங்கலையொட்டி வரும், வழக்கமான கழிவு 10 விழுக்காடு. கடை எடுக்க வசதியில்லாத பதிப்பகங்களின் நூல்கள் மற்றவர் கடைகளில் இருக்கும். எந்தக் கடை எண் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். டிசம்பரில் எல்லா அச்சகங்களிலும் நெரிசல். கடைசி நேரத்தில் ஓடிவந்து மேசையில் விழுந்த நூலில் பிழை கூடுதலாக இருக்கும். அவசரமில்லை என்றால் அப்படிப்பட்ட நூலை மார்ச்சில் வாங்குங்கள். சிறிய அச்சாக வந்த கவிதைத் தொகுதியை மட்டும் பார்த்த இடத்திலேயே எடுத்துவிடுவது நல்லது.

அஞ்சல் செலவு நூல் விலைக்குப் பக்கத்தில் வருகிறதே?

நூல்களுக்கான மலிவுக் கட்டணச் சேவையான பதிவு அச்சுநூல் அஞ்சல் 2024 டிசம்பரில் நின்றுபோனதால் வந்த வினை. 2025 மே 1 முதல் அஞ்சல் துறை ‘ஞான் போஸ்ட்’ என்ற சேவையைத் தொடங்கியது. தொடங்கியபோது அறிவித்த கட்டணம் 300 கிராம் வரை 20 ரூபாய், உச்ச எடையான 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகப் போவதால் நாள் பிடிக்கும். எங்கே போகிறது என்று தடம் பார்க்கலாம். நூலில் அச்சகத்தார் அல்லது பதிப்பகத்தார் பெயர் இருக்கவேண்டும். பருவ இதழ்களுக்கு இது பொருந்தாது.

மேலே சொன்ன 192 பக்க நாவல் கட்டு உறையோடு சேர்ந்தும் 300 கிராமுக்குள் அடங்கும். தடித்த அட்டையும் குமிழ் உறையும் போட்டுக் கட்டினால் எல்லை தாண்டிவிடும். இரண்டு மூன்று நூலாகச் சேர்த்து வாங்கினால் நூலுக்கு விழும் செலவு குறையும்.

மின்னூலாக வருமா?

சில வரும். கிண்டிலில் தமிழ் 2016 முதல் இருக்கிறது. வரி பிரித்து எழுதிய கவிதைக்கு மட்டும் அச்சுநூலையே வாங்குங்கள்; எழுத்தின் அளவைக் கூட்டியதும் வரிகள் உடைந்து கவிதையின் வடிவம் போய்விடுகிறது. செயலிகளில் சுற்றும் ஸ்கேன் பிடிஎஃப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 200 பிரதி நூலில் 40 பேர் அப்படிப் படித்தால், மறுஅச்சுக்கான காரணமே கரைந்துவிடும்.

கையெழுத்துப்படியை எப்படி அனுப்பவேண்டும்?

யூனிகோடில், வேர்டு கோப்பாக. பிடிஎஃப் அனுப்பினால் உரையைப் பிரித்தெடுக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறும். பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் இருந்தால் மாற்றித்தான் அனுப்பவேண்டும். மாற்றிய பிறகு மூன்றைத் தேடிப் பாருங்கள்: ‘ஔ’ என்பதற்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனியாக நிற்பது, ‘கௌ’ என்பதில் அதே கோளாறு, ‘கொ’ என்பதில் ஒற்றைக் குறியாக வரவேண்டியது கொம்பு, கால் என இரண்டாகப் பதிவாகியிருப்பது. மூன்றாவது கண்ணுக்குச் சரியாகவே தெரியும். தேடும்போதும் மின்னூலிலும்தான் காலை வாரும்.

பத்திகளுக்கு இடையே வெற்று வரி, வரி முனையில் எண்டர், ஓரம் தள்ள ஸ்பேஸ் தட்டுவது: இவை வடிவமைப்பாளரின் இரண்டு நாளைத் தின்னும். உரையாடலுக்கு ஒற்றை மேற்கோளா இரட்டையா என்று முடிவுசெய்து கடைசிவரை அதையே பின்பற்றுங்கள்.

அளவு: டெமி பக்கத்துக்கு ஏறக்குறைய 200 முதல் 230 சொல். 40,000 சொல் நாவல் 190 பக்கத்தை ஒட்டி வரும். சிறுகதை என்றால் எது எந்த இதழில் வந்தது என்ற பட்டியலோடு அனுப்புங்கள். கவிதை 64 பக்கத்துக்குக் கீழே போனால் முதுகு மெலிந்து, பெயர் அச்சிட இடமிருக்காது. கடை அலமாரியில் அப்படியே மறைந்துபோகும்.

ஒரே நேரத்தில் ஐந்து பதிப்பகத்துக்கு அனுப்புவது தவறில்லை, அதைச் சொல்லிவிட்டு அனுப்பினால்.

பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

சொந்தச் செலவில் நூல் போடுவது கேவலமில்லை. ‘எழுத்து’ இதழை நடத்திய சி. சு. செல்லப்பாவே தன் வெளியீடுகளைத் தானே சுமந்து விற்றவர். கேட்கவேண்டியது வேறு: எத்தனை பிரதி அச்சாகும், அச்சகப் பில் காட்டுவார்களா, மிச்சப் பிரதி யாருடையது, உரிமை யாரிடம்? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் தராதவரிடம் கொடுக்காதீர்கள். ‘300 பிரதி அடித்தோம்’ என்று சொல்லி 50 பிரதியைப் பிஓடியில் எடுப்பது நடக்கிற காரியம்தான். பணத்தையும் வாங்கிக்கொண்டு ராயல்டி 10 விழுக்காடு என்றால் கணக்கு அநியாயம். முதலீடு உங்களுடையது என்றால் விற்பனைச் செலவு போக மீதி உங்களுக்கு வரவேண்டும்.

ஒப்பந்தத்தில் எதைப் பார்ப்பது?

முதலில், ஒப்பந்தம் இருக்கிறதா என்று. வாய்ப்பேச்சாக உரிமை மாறாது, எழுதி, கையெழுத்தாகவேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வேறுவிதமாக எழுதாதவரை, உரிமை வாங்கி ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது தானாகக் காலாவதியாகும். ‘எல்லா உரிமைகளும்’ என்ற இரண்டே சொல்லில் கையெழுத்திடவேண்டாம். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஐந்தும் தனித்தனி. சிறு பதிப்பகத்துக்கு முதல் இரண்டு போதும்.

ராயல்டி பின்னட்டை விலையிலா, கைக்கு வரும் தொகையிலா என்பதும் எழுத்தில் இருக்கட்டும். 250 ரூபாய் நூல் 300 பிரதி விற்றால், பின்னட்டை விலையில் 10 விழுக்காடு 7,500 ரூபாய். 35 விழுக்காடு கழிவு போன தொகையில் என்றால் 4,875. நூலகத் துறை வாங்கும் பிரதிகளுக்கு விலையை அவர்கள் முடிவுசெய்வதால், அதற்குத் தனி விகிதம் கேட்பார்கள். அது நியாயமே.

மொழிபெயர்ப்பு நூல் கொண்டுவர யாரிடம் அனுமதி?

மூல எழுத்தாளரிடம், அல்லது அவருடைய முகவரிடம். செகாவ் 1904-இல், காஃப்கா 1924-இல் மறைந்தவர்கள்; அவர்கள் நூல்களுக்கு உரிமைக் காலம் தீர்ந்துவிட்டது. 1960-இல் மறைந்த பிரெஞ்சு எழுத்தாளர் காம்யுவின் நூல்களும் 2021 முதல் இங்கே திறந்தே இருக்கின்றன. ஆனால் தமிழுக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாக வருகிறோம். அந்த ஆங்கில மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. 1946-இல் மறைந்த ஆங்கில மொழிபெயர்ப்பாளர் கான்ஸ்டன்ஸ் கார்னெட்டின் பெயர்ப்பிலிருந்து செகாவைத் தமிழாக்கலாம். இன்று வாழும் ஒருவரின் புதிய பெயர்ப்பிலிருந்து என்றால் அவர் அனுமதி வேண்டும். எந்தப் பெயர்ப்பை வைத்துச் செய்தீர்கள் என்று நூலில் சொல்லவும் வேண்டும். அதை மறைக்கும் மொழிபெயர்ப்பை வாசகர் சந்தேகிப்பதில் தவறில்லை.

ஐஎஸ்பிஎன் இல்லாத நூல் போலியா?

இல்லை. நூலை அடையாளம் காட்டும் அந்த எண்ணை இந்தியாவில் ராஜாராம் மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. எண் 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும். விண்ணப்பிக்கச் சோம்பியிருப்பார்கள், அவ்வளவுதான். இணையக் கடைகளில் விற்க அது தேவைப்படும். கெட்டி அட்டைக்கும் சாதா அட்டைக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண்.

அட்டை சுருண்டுகொள்கிறது. அச்சுப் பிழையா?

அட்டையின் வெளிப்பக்கம் மட்டும் லேமினேஷன் இருப்பதால், உள்பக்கம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி விரிகிறது; வெளிப்பக்கம் விரியாததால் அட்டை வெளிப்புறமாக வளைகிறது. கடலோர ஊர்களில் இது தவிர்க்க முடியாதது. நான்கைந்து கனமான நூல்களுக்கு அடியில் இரண்டு நாள் படுக்கவைத்தால் பெரும்பாலும் நேராகும். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் ஓர் அங்குலம் தள்ளி வையுங்கள். மழைக்காலத்தில் சுவர் ஈரத்தோடுதான் கரையானும் வரும்.